காட்டுத் திராட்சை நடை, கெட்ச் ரைன் தீவு: போவதானால் ஜூனில் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பக்கம் ரைன் ஆற்றில் இருக்கும் கெட்ச் தீவில் நடக்கும் இந்தக் காட்டுத் திராட்சை நடை ஒயின் சுற்றுலா இல்லை. அந்த நினைப்பில் பணம் கட்டியவர்கள் எங்கள் குழுவிலேயே சிலர் இருந்தார்கள், பாதி வழியிலேயே அவர்கள் முகம் தொங்கிவிட்டது. ஆற்றங்கரைக் காட்டுக்குள் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கொசுக்கடி வாங்கிக்கொண்டு, மரத்தில் ஏறிப் போன கொடிகளை அண்ணாந்து பார்ப்பதுதான் நிகழ்ச்சி. ஆளுக்கு 12 யூரோ. எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் ஜூனில் போனவன் செப்டம்பரிலும் போனேன். ஜூன் நடைக்கு, ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கம்பம் பக்கத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவர். அவர் கூட வந்ததால் எனக்கு இந்த நடை இரண்டு மடங்கு புரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வால்டோர்ஃப், ஹைடல்பெர்க், மான்ஹைம் பக்கம் கணினி வேலையில் இருக்கும் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். விருந்தாளி வந்தால் ஹைடல்பெர்க் கோட்டை, ஸ்வெட்ஸிங்கன் அரண்மனை, மறுபடி ஹைடல்பெர்க் கோட்டை என்று சுற்றிக்கொண்டிருக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். நடத்துபவர்கள் பெயரைப் போடவில்லை, கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, என்ன காட்டுகிறார்கள்? நாம் சாப்பிடும் திராட்சையும் ஐரோப்பிய ஒயின் திராட்சையும் ஒரே இனம். அந்த இனத்தின் காட்டு வடிவம் ரைன், டான்யூப் போன்ற ஆறுகளின் வெள்ளக் காடுகளில் தானாக முளைத்து வளரும். ஜெர்மனியில் மிச்சமிருக்கும் காட்டுத் திராட்சைக் கூட்டங்களில் மிகப் பெரியது கெட்ச் தீவில்தான் இருக்கிறது. பெரியது என்றதும் தோப்பு மாதிரி நினைத்துவிடாதீர்கள், தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கும் சில பத்துக் கொடிகள்தான். இந்தக் காட்டுத் திராட்சைக்கு அறிவியல் பெயர் வைத்தவரே இந்த வட்டாரத்துக்காரர். கார்ல்ஸ்ரூஹேயில் இருந்த தாவரவியலாளர் கார்ல் கிறிஸ்டியன் க்மேலின், 1805-இல் பாடன், அல்சாஸ் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் வைத்தார். ஆகவே அந்தக் கொடியைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

வழிகாட்டி அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. முதுகுப்பையில் தடிமனான கோப்பு ஒன்று, கழுத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போனதும் அவர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. "காட்டுத் திராட்சை இலை எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எந்தக் கொடியின் இலை?" என்று திருப்பிக் கேட்டார். கடைசிவரை அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்லவே இல்லை. வேறு தாவர நடைகளுக்கும் போயிருக்கிறேன். ஒரு செடி, ஒரு பெயர், ஒரு கதை, அப்புறம் அடுத்த செடி, இதுதான் வழக்கம். இங்கே ஒரே செடியை வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை.

ஓக் மரத்தில் ஏறியிருந்த முதல் கொடியின் அடித்தண்டு என் கையைவிடத் தடிமன், பட்டை நார் நாராக உரிந்து தொங்கியது. இலையில் ஐந்து மடல், ஒவ்வொன்றும் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. காம்பு சேரும் இடத்தில் இலை அகலமாக வாய் திறந்திருந்தது. அடிப்பக்கத்தில் ஒட்டடை படிந்தாற்போல் படுத்த சுணை (மெல்லிய முடி). கொஞ்ச தூரம் தள்ளிக் காட்டோரப் புதரில் படர்ந்திருந்த இரண்டாவது கொடியில் இலை ஏறக்குறைய வட்டம், மடல் பெயருக்கு மூன்று. காம்படி வாய் இறுகி, இரு ஓரமும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தது. சுணை இங்கே ஒட்டடை மாதிரி இல்லை. நரம்புகளின் மேல் குட்டையாக நிமிர்ந்து நின்றது, விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. முதல் கொடி ஆண், இரண்டாவது பெண். ஆண் கொடியின் இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், பெண் கொடியின் இலை முழுசாக இருக்கும் என்று பழைய நூல்களில் உண்டு என்றார் அந்த அம்மா. எல்லோரும் தலையாட்டினோம். உடனே மூன்றாவது கொடிக்குக் கூட்டிப்போனார். அதன் இலையும் முழுசு, ஆனால் அதுவும் ஆண்! வேண்டுமென்றே அந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்பது செப்டம்பரில் மறுபடி போனபோது புரிந்தது.

இலையை ஒப்பிடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிழலில் இருக்கும் அடி இலை மெலிந்து அகலமாக இருக்கும், வெயிலில் இருக்கும் நுனி இலை தடித்துச் சிறுத்திருக்கும். இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கொடியை இரண்டு கொடி என்று சொல்லிவிடுவோம். அதனால் தளிரின் நடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து முற்றிய இலையை மட்டும் எடுக்க வேண்டும். உலகத் திராட்சை, ஒயின் அமைப்பான ஓஐவி இதற்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கிறது. பூ ஆணா பெண்ணா என்பது 151, காம்படி வாயின் திறப்பு 79, நரம்புகளுக்கு நடுவே படுத்திருக்கும் சுணை 84. சுணை எவ்வளவு என்பதற்கு 1, 3, 5, 7, 9 என்று மதிப்பெண். பிரான்சில் மோன்பெல்லியேயில் இருந்த திராட்சை ஆய்வாளர் பியர் கலே நரம்புகளின் நீளத்தையும் அவற்றுக்கு இடையே உள்ள கோணங்களையும் அளந்து ரகம் பிரிக்கும் முறையையே உருவாக்கியவர், 98 வயது வரை வாழ்ந்து 2019-இல் காலமானார். அந்த அம்மாவின் கோப்பில் கொடிவாரியாக, உறையிட்ட உலர் இலைகள் இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் இந்த எண்கள். காப்புக்காடு என்பதால் நாம் எதையும் பறிக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கவும் கூடாது. அந்தக் கோப்பு இல்லையென்றால் இந்த நடையே பாதிதான்.

நடையின் உச்சம் பூ. ஜூன் முற்பாதியில்தான் பூக்கும், அதனால்தான் தலைப்பிலேயே ஜூன் என்று போட்டேன். பெரும்பாலான பூ மரத்தின் உச்சியில் இருக்கும், நமக்கு எட்டாது. ஆனால் ஆண் கொடி பூத்து முடிந்ததும் பூங்கொத்தை மொத்தமாக உதிர்த்துவிடும். பாதையில் கிடந்ததைப் பொறுக்கிக் கையில் வைத்து லென்ஸில் பார்த்தோம். பூ கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. இதழ்கள் தனித்தனியாக விரியாமல் ஒட்டிக்கொண்டு தொப்பி மாதிரி கழன்று விழுந்துவிடும். ஆண் பூவில் மகரந்தத் தாள்கள் ஐந்தும் நீளமாக நிமிர்ந்து நிற்கின்றன, நடுவே சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. பெண் பூ தாழ்வான கிளையில் ஒன்று இருந்தது. அதில் குண்டாக ஒரு சூலகம், தாள்கள் குட்டையாக வெளிப்பக்கம் சுருண்டு கீழே மடங்கியிருந்தன. அந்தத் தாளிலும் மகரந்தம் உண்டு, ஆனால் அதன் ஓட்டில் திறப்பே கிடையாது, முளைக்க வழியில்லை. நம் தோட்டத் திராட்சையில் இரண்டும் ஒரே பூவில், தாளும் நிமிர்ந்து சூலகமும் முழுசாக.

மாமனார் லென்ஸில் பார்க்கவில்லை. கொடியைத்தான் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இதுல ஒரு பிஞ்சக்கூட காணோம்?"

"இது ஆண் கொடி மாமா. காய்க்காது."

"அட, பனை மாதிரியா? எங்க பந்தல்ல ஒரு கொடி இப்படி வெறும் பூவோட நின்னா, அந்தப் பருவத்துலயே வெட்டித் தூர எறிஞ்சிருப்போமே."

இதை ஜெர்மனில் சொன்னதும் வழிகாட்டி அம்மா நின்றுவிட்டார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே விவசாயிகள் செய்தது அதைத்தானே என்றார். காய்க்காத ஆணை வெட்டி, பக்கத்தில் ஆண் இருந்தால்தான் காய்க்கும் பெண்ணையும் ஒதுக்கி, தனியாக நின்றாலும் காய்க்கும் கொடியின் குச்சியை மட்டும் நட்டு நட்டுத்தான் இன்றைய திராட்சை வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையெல்லாம் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஒரே ரகம், குச்சி வைத்துப் பெருக்கியது. எந்தப் பன்னீர் பந்தலில் இலையைப் பறித்தாலும் அதே இலைதான். இங்கே ஒவ்வொரு கொடியும் விதையிலிருந்து வந்தது. ஆணும் பெண்ணும் தனித்தனி என்பதால் எந்த விதைக்கும் இரண்டு பெற்றோர் இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் பிறப்பதற்கு இதுவே போதும். அந்த அம்மா அரை மணி நேரம் மரபணு விளக்கம் கொடுத்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

மாமனாருக்கு இன்னொரு பழக்கம், எந்தத் திராட்சை இலையைப் பார்த்தாலும் அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். அடிச்சாம்பல் நோய் (இலையின் அடியில் சாம்பல் படிந்தாற்போல் வரும்) தேடும் கை அது. அவர் திருப்புவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கார்ல்ஸ்ரூஹே கதைக்கு வந்தார். கெட்ச் கொடிகளின் பிரதிகளை அங்கே கேஐடி (கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழகம்) பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் வளர்த்துப் பாதுகாக்கிறார்கள். அவற்றில் சில கொடிகள் நோய் தாக்கும்போது அதைத் தடுக்கும் ஸ்டில்பீன் வகைப் பொருட்களை மற்றவற்றைவிட அதிகமாகச் சுரந்து அடிச்சாம்பலைத் தாக்குப்பிடிப்பதாக அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. எந்தக் கொடி என்று இலையின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐரோப்பியத் திராட்சைக்கு இந்த நோய் புதுசு, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. புதுசாக வந்த நோய்க்கு, அதுவரை அதைப் பார்த்தே இராத காட்டுக் கொடி சிலவற்றிடம் பாதி மருந்து இருக்கிறது என்பது மாமனாருக்கு நம்பும்படியாக இல்லை. "அப்ப மருந்தே அடிக்க வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, குறையலாம் அவ்வளவுதான் என்றார் அந்த அம்மா.

ஆற்றோரத்தில் இன்னொரு கொடியைக் காட்டி, இது என்ன என்று எங்களையே கேட்டார். எல்லோரும் காட்டுத் திராட்சை என்றோம், இல்லை. அது அமெரிக்கக் கொடி. பிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் 1860-களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, அதைத் தாங்கும் அமெரிக்க இனங்களைக் கொண்டுவந்து வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டினார்கள். அவற்றில் சில தோட்டத்தைவிட்டுத் தப்பி ஆற்றங்கரைகளில் படர்ந்துவிட்டன. வித்தியாசம் பார்க்க எளிய வழி தளிர் நுனி. உள்ளூர்க் கொடியில் நுனி இலைகள் விரிந்து, பஞ்சு பூத்தாற்போல் வெள்ளையாக இருக்கும். ஆற்றங்கரை அமெரிக்க இனத்தில் நுனி இலைகள் மடங்கி மூடியபடியே இருக்கும், பஞ்சும் கிடையாது, இலை ஓரத்துப் பல் நீளமாகக் கூராக இருக்கும். இதைப் பார்த்த பிறகு நெக்கார் ஆற்றோரம் சைக்கிளில் போகும்போதெல்லாம் என் கண் தளிர் நுனிக்குத்தான் போகிறது.

வரலாற்றுப் பகுதி சுருக்கம்தான், ஆனால் வீஸ்லோக்கில் குடியிருக்கும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம். எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் யோஹான் பிலிப் ப்ரோன்னர் இந்த ரைன் காடுகளில் அலைந்து, காட்டுத் திராட்சையில் முப்பதுக்கு மேற்பட்ட வகைகளைப் பிரித்து, 1857-இல் தனி நூலாகவே போட்டிருக்கிறார். (வீஸ்லோக் மருந்துக்கடை என்றதும் 1888-இல் பெர்தா பென்ஸ் காருக்கு எரிபொருள் வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இனி நான் இதைச் சொல்வேன்.) ப்ரோன்னர் அலைந்த காலத்திலேயே காடு மாறத் தொடங்கிவிட்டது. 1817-இல் பொறியாளர் டுல்லாவின் திட்டப்படி ரைனை நேராக்கத் தொடங்கி 1876-இல் முடித்தார்கள், பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையே ஆற்றின் நீளம் சுமார் 80 கிலோமீட்டர் சுருங்கியது. வெள்ளம் நின்ற இடத்தில் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். அதற்கு மேல் சாம்பல் நோய், அடிச்சாம்பல், பிலாக்ஸெரா. மிஞ்சிய கொடிகள் ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால் பெண் கொடி பூத்தும் வீண்தான்.

இனி குறைகள். ஜூனில் எங்கள் குழுவில் ஆட்கள் மிக அதிகம். ஒற்றையடிப் பாதையில் முன்னால் பேசுவது பின்னால் கேட்கவில்லை, கழுத்தில் தொங்கிய ஒரே லென்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, பொருளை லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். பழக்கமில்லாதவர் கையை எங்கே வைப்பது என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் இருமுகிறார். இன்னும் நாலு லென்ஸ் வாங்கி வைப்பது பெரிய செலவா? ஜெர்மனில் மட்டும்தான் பேசுகிறார்கள் என்பதையும் பதிவுப் பக்கத்தில் சொல்லவில்லை. மொழிபெயர்க்க நான் இருந்ததால் மாமனார் தப்பித்தார்.

விளம்பரத் தாளில் "உங்கள் ஒயினின் தாய்" என்று போட்டிருக்கிறார்கள், அது கொஞ்சம் ஓவர். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வில் 3,500-க்கும் மேற்பட்ட தோட்ட, காட்டுக் கொடிகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். அதன்படி திராட்சை பயிரானது சுமார் 11,000 வருஷத்துக்கு முன்பு, மேற்கு ஆசியாவிலும் காக்கஸஸிலும். ஐரோப்பியக் காட்டுக் கொடிகள் பின்னால்தான் வந்து கலந்தன. தாய் என்பதற்குப் பதில் தூரத்து அத்தை என்று போட்டிருக்கலாம். கேட்டதற்கு அந்த அம்மாவே சரியாகத்தான் விளக்கினார், தாளை எழுதியது வேறு யாரோ போல. கடைசியில் ஆளுக்கு ஒரு சின்னக் குவளை ரீஸ்லிங் கொடுத்தார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் அது எந்தத் தோட்டத்து ஒயின் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்துக்கு இன்னொரு கொடி காட்டியிருக்கலாம்.

செப்டம்பர் நடை ஒரு படி குறைவு. பூ இல்லை, பாதிப் பழத்தைப் பறவைகள் தின்றுவிட்டிருந்தன. இருந்தவை பட்டாணிக்கும் சின்னதாக, கருநீலமாக, கொத்தில் இடைவெளி விட்டுத் தொங்கின. ஆனால் விதைக்காக அதுவும் தேறும். வழிகாட்டி அம்மா சின்ன டப்பாக்களில் விதைகள் கொண்டுவந்திருந்தார். காட்டு விதை குண்டாக, மூக்கு (கூரான முனை) குட்டையாக. தோட்ட விதை பேரிக்காய் வடிவத்தில், மூக்கு நீண்டு. 1911-இல் ஸ்டம்மர் என்பவர் வியன்னாவுக்குப் பக்கத்தில் டான்யூப் காட்டுக் கொடிகளின் விதைகளை அளந்து ஒரு கணக்கு போட்டார். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 75-க்கு மேல் வந்தால் காடு, 54-க்குக் கீழே வந்தால் தோட்டம். எங்களிடம் ஆளுக்கு ஒரு அளவுகோலும் சில விதைகளும் கொடுத்து அளக்கச் சொன்னார். எனக்கு வந்த விதைகளில் முக்கால்வாசி 54-க்கும் 75-க்கும் நடுவில் விழுந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி அது, அந்த விதையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒருவர் "அப்புறம் எதற்கு அளந்தோம்?" என்று எரிச்சல்பட்டார். எனக்கு அந்தப் பயிற்சிதான் செப்டம்பரில் பிடித்தது. அகழாய்வில் ஒரு விதை கிடைத்ததும் இது காடு, இது தோட்டம் என்று ஏன் சட்டென்று சொல்வதில்லை என்பது அளந்து பார்த்தால்தான் தெரிகிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கூட்டத்தைப் பாதியாக்கினால் நாலரை.

போகிறவர்களுக்கு: கெட்சுக்கு ரயில் கிடையாது, ஸ்வெட்ஸிங்கனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள். முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் கட்டாயம். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். முப்பது மடங்கு என்று போட்டு விற்பதை வாங்காதீர்கள், கையில் பிடித்து நிலையாகப் பார்க்கவே முடியாது. ரைனில் தண்ணீர் ஏறினால் தீவுப் பாதை மூழ்கிவிடும், நடை ரத்தாகும். ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வயசானவர்களைக் கூட்டிப் போவதானால் ஒன்று, வழியில் உட்கார இடம் அவ்வளவாக இல்லை. என் மாமனாருக்கு அது பிரச்சினையாகவே இல்லை, அவரை ஆண் கொடியை விட்டு நகர்த்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.